முழுக்க நிரப்பினால் ஆடாதா?

“பாதி நிரப்பினால்தான் அலம்பும். விளிம்புவரை நிரப்பி மூடிவிட்டால் திடப்பொருள் மாதிரிதான் பறக்கும்.” சுழன்று பாயும் குண்டு, ராக்கெட் என்று பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். இயந்திரவியல் படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே பொய்யென்று தெரிந்த சங்கதி இது!

கெல்வின் பிரபு மெல்லிய உலோகக் கூடுகளில் தண்ணீரை முழுக்க நிரப்பிச் சுழற்றிப் பார்த்தார். அச்சுவாக்கில் சற்றுத் தட்டையான கூடு நிலையாகச் சுழன்றது. சற்று நீண்டதோ நிற்கவே மறுத்தது. இத்தனைக்கும் உள்ளே அலம்ப இடமே இல்லை.

சுழலும் திரவத்தில் அலை எழ மேற்பரப்பு வேண்டியதில்லை, சுழற்சியே போதும். பறக்கும் குண்டின் மூக்கு எப்போதும் சிறு வட்டம் போட்டபடி போகும். அந்த ஆட்டத்தின் அதிர்வெண்ணும் உள்ளலையின் அதிர்வெண்ணும் பொருந்திவிட்டால், சுவர்மீது திரவம் தரும் அழுத்தமே ஆட்டத்தைப் பெருக்கும். உருளை வடிவக் குழிக்கு இந்தக் கணக்கை 1959-இல் போட்டுக் காட்டியவர் ஸ்டூவர்ட்சன். அவர் கணக்கில் முழுக்க நிரம்பிய குழியும் உண்டு.

வெண் பாஸ்பரஸ் 44 டிகிரி செல்சியஸில் உருகும். அதை நிரப்பிய புகைக்குண்டு குளிரில் ஒழுங்காகப் பறக்கும், அது உருகிய நிலையில் சுடப்பட்டால் தடுமாறக்கூடும். எடை அதேதான், உள்ளிருப்பது திரவமாகிவிட்டது, அவ்வளவே. அமெரிக்கத் தரைப்படையின் அபர்தீன் ஆய்வுக்கூடம் பல ஆண்டுகள் இதோடு மல்லுக்கட்டியது.

இன்னும் வேகமாகச் சுழற்றினால் சரியாகிவிடுமாம். உள்ளலையின் அதிர்வெண்ணும் சுழற்சியோடு சேர்ந்தே ஏறுமே! கெட்டியான திரவம் அடங்கிக் கிடக்கும் என்பது இன்னொன்று. சோதனைகளில் மிகக் கெட்டியானவையும் ஆட்டத்தை வளர்த்தன, சுழற்சியையும் தின்றன. காற்றில்லாத விண்வெளியில் ஆபத்தில்லை என்பவர்களுக்கு 1958-இன் எக்ஸ்ப்ளோரர் 1 போதும். அதில் அலம்பத் திரவம்கூட இல்லை. வளையும் ஆன்டெனாக்கள் ஆற்றலை விழுங்கியதே போதுமாயிருந்தது. நீளவாக்கில் சுழன்ற செயற்கைக்கோள் குறுக்குவாக்கில் கரணம் அடிக்கத் தொடங்கியது.

பழி பாடப்புத்தகத்துக்கும் உண்டு. திடப்பொருளின் சுழற்சியோடு அத்தியாயத்தை முடித்துவிடுகிறோம். மாணவர் அதையே எல்லாவற்றுக்கும் பொருத்துகிறார். ஒரு பச்சை முட்டையும் ஓர் அவித்த முட்டையும் மேசையில் சுழற்ற எந்த ஆய்வகமும் வேண்டாம். உள்ளே திரவம் இருந்தால் கதை வேறு என்பதாவது புரியும். இயற்பியல் ஆசிரியர்களே, கரும்பலகையில் சூத்திரம் எழுதும் முன் அதைச் செய்து காட்டுங்கள்.