பழைய மோட்டார் சைக்கிளைப் புதுக்குதல்

பழம்பொருளைச் செப்பஞ்செய்தல் வேறு. அதனை முற்றும் புதியதாக்கிவிடுதல் வேறு. வீட்டுக் கொட்டகையிலே ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் புதுக்க விரும்பும் மாணவ நண்பர்க்கு இவ்வேற்றுமையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டாகப் புல்லட் வண்டியைக் கொள்வோம். இங்கிலாந்திலே பிறந்த இவ்வண்டி, 1955-ஆம் ஆண்டில் தோன்றிய என்பீல்டு இந்தியா நிறுவனத்தால் சென்னைத் திருவொற்றியூரிலே உருவாக்கப்படலாயிற்று. இதன் ஒற்றைச் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் நீளம் 90 மில்லிமீட்டர். ஆகவே கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். அமைப்பு எளிதாதலின் கற்பார்க்கு ஏற்றது.

ஒரு மரையாணியைத் தளர்த்துமுன்னரே நான்கு புறமும் புகைப்படம் எடுத்தல் வேண்டும். கழற்றிய உறுப்புக்களைத் தனித்தனித் தட்டுக்களில் இட்டுப் பெயரெழுதி வைத்தல் வேண்டும். பழைய வண்டிகளின் மரைகள் பெரும்பாலும் அங்குல அளவின. மில்லிமீட்டர் ஸ்பானரை அவற்றில் வலிந்து பூட்டினால் நட்டின் முனைகள் மழுங்கும்.

நெடுங்காலம் கிடந்த எஞ்சினில் பிஸ்டன் இறுகியிருக்கலாம். அப்போது கிக்கரை ஓங்கி உதைத்தல் தகாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெல்லிய எண்ணெயைச் சிலிண்டருள் வார்த்துச் சில நாள் ஊறவிடுக. பின்னர் மேல் கியரில் இட்டுப் பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து நோக்குக. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குதல் இறுதி வழியே. கடைந்தெடுத்த இரும்பு மீளாது; ஆதலின் அளந்தறிந்த பின்னரே அதற்குத் துணிதல் வேண்டும்.

இனி, எவற்றை மாற்றுவது, எவற்றைக் காப்பது? உயிரைக் காப்பன யாவும் புதியனவாதல் வேண்டும். பிரேக் கட்டைகள், டயர்கள், கேபிள்கள், மின்கம்பிகள், பெட்ரோல் குழாய் ஆகியவற்றில் பழமை பாராட்டுதல் அறியாமை. பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருத்தல் கூடுமாதலின், அத்தூளை வாயால் ஊதுதல் கூடாது. பெட்ரோல் டேங்க்கில் ஆவி எஞ்சியிருக்கப் பற்றவைத்தல் வெடிப்பில் முடியும். அடைத்த கொட்டகையுள் எஞ்சினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு நிறையும். அதற்கு மணமும் நிறமும் இல்லை.

வண்டியின் அடையாளமாயுள்ளனவற்றையோ காத்தல் வேண்டும். சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த எண்களை அரத்தால் தேய்த்தல் பெரும்பிழை. வலுவாயுள்ள பழைய வண்ணத்தைச் சுரண்டாது துடைத்துப் பேணுதல் நன்று. 2021-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பெற்ற திருத்தமும், முதற்பதிவுக்குப்பின் 50 ஆண்டு கடந்து, தன் முதல் வடிவிலேயே பேணப்பட்டு, பெருமாற்றம் எய்தாத வண்டியையே ‘விண்டேஜ்’ வாகனமாகக் கொள்கின்றது. ஆகவே மிகையான ஆர்வத்தால் வண்டி தன் தகுதியையே இழத்தலும் கூடும்.

தமிழ் பயில்வார்க்கு இந்நெறி புதியதன்று. உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியை அச்சேற்றுமுன் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். ஏடு சிதைந்தவிடத்தில் தம் சொல்லைப் பெய்து மூலமெனக் காட்டுதல் பதிப்பாசிரியர்க்கு அறமன்று. சிதைவைக் குறித்து வைத்தலே அறம். அங்ஙனமே புதுக்குவோனும் தான் மாற்றியவற்றை நாளிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுக. கழற்றிய பழைய உறுப்புக்களை எறியாது வைக்க. பின்வருவோன் எது பழையது, எது புதியது என அதனால் அறிவான்.

பழம்பொருளை உடையோன் அதன் தலைவன் அல்லன், ஒப்புவிக்கப்பட்ட உக்கிராணக்காரனே. நம் கைக்கு வந்ததனைக் குன்றாமல் அடுத்த கைக்குக் கொடுத்தல் நம் கடன்.