ஹீட் பம்ப்பைப் பொறுப்பேற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஊட்டி விடுதியில் வேலை கிடைத்ததும், குளத்து ஹீட் பம்ப் இனி உன் பொறுப்பு என்பதும் கேட்டு சந்தோஷம். "பெரிய மெஷின்ணே, எந்தக் குளிரையும் தாங்கும்" என்று எழுதியிருந்தாய். அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி.

ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை கேஸ் வழியாக இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நாலைந்து யூனிட் சூடு கிடைப்பது இதனால்தான். காற்று குளிர்ந்தால் இந்தக் கணக்கும் சரியும். மெஷின் மேல் ஒட்டியிருக்கும் கிலோவாட் பெரும்பாலும் 27 டிகிரி காற்றுக்கானது. காற்று 15 டிகிரிக்கு இறங்கினால் அதில் மூன்றில் ஒரு பங்கு போவது சகஜம். ஊட்டி ஜனவரி இரவில் மெஷினின் ஃபின் (உலோகத் தகடுகள்) மேல் பனி கட்டும்; அதை உருக்கவே மெஷினுக்கு நேரம் போய்விடும். வெயில் ஏறிய பின் பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை ஓட்டு. உச்ச நேரக் கட்டணமும் தப்பும்.

பத்துக்கு ஐந்து மீட்டர், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்றால் குளத்தில் 70,000 லிட்டர். ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 81 யூனிட் சூடு வேண்டும். 18 டிகிரித் தண்ணீரை 28 ஆக்க 810 யூனிட். நிஜமாகவே 15 கிலோவாட் சூடு தரும் மெஷினுக்கு, இழப்பே இல்லாவிட்டாலும், 54 மணி நேரம் ஆகும். முதல் தடவை ஏற்றும்போது இரவிலும் ஓட்டித்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கூப்பிட்டு, சனிக்கிழமை காலை வெந்நீர் வேண்டும் என்கிற மேனேஜருக்கு இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடு. வாயால் சொன்னால் எடுபடாது.

ஏற்றிய சூடு எங்கே போகிறது என்று பார்ப்பதில்தான் உன் திறமை இருக்கிறது. பெரும்பகுதி ஆவியாகப் போகிறது. கவர் போடாத ஒரு இரவு, தண்ணீர் மட்டத்தில் டைல்ஸ் மேல் பென்சில் கோடு போட்டு வை. விடியற்காலை நாலு மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் 200 லிட்டர் ஆவியாகிவிட்டது. அதோடு போன சூடு 135 யூனிட். குளம் ஒன்றரை டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்கும். குளத்தைத் திறந்து போட்டு மெஷினை ஓட்டுவது மூடியில்லாத பானையில் உலை வைக்கிற கதைதான். என்னைக் கேட்டால், பெரிய மெஷினுக்குப் போடும் பணத்தில் முதலில் நல்ல கவர் வாங்கச் சொல்வேன். ஒன்று மட்டும் கவனம்: குமிழி வைத்த பிளாஸ்டிக் கவர் ஆள் பாரம் தாங்காது. குழந்தை மேலே கால் வைத்தால் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடும். பாதி மூடிய குளத்தில் யாரையும் இறங்க விடாதே.

மெஷினைச் சுற்றி இடம் விடு. ஃபேன் தள்ளும் குளிர்காற்று சுவரில் மோதித் திரும்பி வந்தால் அதே குளிர்காற்றைத்தான் மறுபடி இழுக்கும். கூரை போட்டு, சுவர் எழுப்பி மறைக்கச் சொல்லும் ஆர்க்கிடெக்ட்டுகளிடம் சண்டை போட்டாவது இடம் வாங்கு. ஆசிட், குளோரின் டப்பாக்களைப் பக்கத்தில் அடுக்காதே. ஆவி ஃபின்னை அரித்துவிடும். குளோரின் கலக்கும் இடம் ஹீட் பம்ப்புக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

கீழே தண்ணீர் தேங்கினால் உடனே "லீக்" என்று கையைப் பிசையாதே. குளிர்ந்த ஃபின் மேல் காற்றின் ஈரம் வியர்த்து வடியும். அதில் கொஞ்சம் பிடித்துக் குளோரின் சோதனை செய். குளத்தில் குளோரின் காட்டி, இதில் காட்டாவிட்டால் அது வெறும் வியர்வை. இரண்டிலும் காட்டினால் குழாயைத் தேடு.

தண்ணீர் ஓட்டம் குறைந்து பிழை காட்டினால் முதலில் ஃபில்டரை பேக்வாஷ் செய், வால்வைப் பார். ஃப்ளோ சுவிட்சை ஒயர் வைத்து ஷார்ட் பண்ணி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதே. கேஸ் வேலையை அதற்குப் பயிற்சி பெற்றவரிடம் விடு. இப்போது வரும் ஆர்-32 கேஸ் தீப்பிடிக்கக் கூடியது.

கடைசியாகக் கரண்ட். மெஷினுக்குத் தனி எம்சிபி, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, உறுதியான எர்த்து மூன்றும் இருக்கின்றனவா என்று நீயே பார். மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்து. அது தானாக விழுந்தால், விருந்தாளிகள் எவ்வளவு கத்தினாலும், முதலில் எல்லோரையும் குளத்திலிருந்து வெளியேற்று. எலெக்ட்ரீஷியன் வந்து காரணம் கண்டுபிடிக்கும் வரை அதை மேலே தள்ளாதே, தம்பி.

அன்புடன்,
அண்ணன்