இரண்டு கோர்ட்டிலும் தோற்றாச்சு, மதுரைக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் தென்னந்தோப்புக்கு வண்டிப்பாதை உண்டு என்று அப்பா 1971-ல் வாங்கிய கிரயப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. பக்கத்துத் தோட்டக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தோற்றேன். சப் கோர்ட்டும், கிழக்கே பஞ்சாயத்து ரோடு வந்துவிட்டதால் அந்தப் பாதை இனி அவசியமில்லை என்று தள்ளுபடி செய்துவிட்டது. மதுரை ஹைகோர்ட் கிளைக்குப் போக நினைக்கிறேன். அந்தப் பாதையில் வண்டி ஓட்டிய பெரியவர் ஒருவர் சாட்சி சொல்லத் தயார். வக்கீலோ, அங்கே சாட்சியம் பேச முடியாது என்கிறார். எங்கள் ஊர்க் கொலை வழக்கில் மட்டும் ஹைகோர்ட் ஒவ்வொரு சாட்சியையும் அலசி விடுதலை செய்ததே?

- வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: உங்கள் வக்கீல் சொன்னது சரி. கொலை வழக்கை விசாரித்தது செஷன்ஸ் கோர்ட். ஹைகோர்ட்டுக்குப் போனது முதல் அப்பீல். முதல் அப்பீலில் சாட்சியம், சட்டம் இரண்டையும் அடியிலிருந்து அலசலாம். உங்களுக்கு அந்த வாய்ப்பு சப் கோர்ட்டோடு முடிந்தது. இனிப் போடுவது 'எஸ்.ஏ.', அதாவது இரண்டாம் அப்பீல். 1976 திருத்தத்துக்குப் பிறகு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-வது பிரிவின்படி, முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் அதை ஏற்பார்கள். அந்தக் கேள்வியை நீதிபதி எழுத்தில் வகுத்துக்கொண்டுதான் அப்பீலைக் கேட்பார்.

ஊரிலேயே இருந்த பெரியவரை முன்சீப் கோர்ட்டில் ஏன் கூண்டில் ஏற்றவில்லை என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. அவரை விட்டுவிடுங்கள். பத்திரத்தை எடுங்கள்.

பாதை உரிமை பல வகையில் வரும். வேறு வழியே இல்லாததால் வருவது ஒன்று. எழுதிக் கொடுத்ததால் வருவது இன்னொன்று. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி, அவசியம் தீர்ந்தால் முதல் வகை உரிமையும் தீரும். எழுதிக் கொடுத்த பாதைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. பத்து ரோடு வந்தாலும் அது இருக்கும். 2006-ல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை ஒரு வழக்கில் உறுதிசெய்தது. பத்திர வாசகத்தின் சட்ட விளைவு என்ன என்பது சட்டக் கேள்விதான் என்றும் சொன்னது. சப் கோர்ட் முதல் வகைக்கான அளவுகோலை உங்கள் பத்திரத்துக்கு வைத்திருந்தால், உங்கள் எஸ்.ஏ.வுக்கு அதுவே கேள்வி.

ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் அப்பாவுக்கு விற்றவர், பாதை ஓடும் நிலத்துக்கும் அன்று சொந்தக்காரராக இருந்தாரா? பக்கத்துத் தோட்டத்தின் மூலப் பத்திரத்தைப் பார்த்தால் தெரியும். தன்னிடம் இல்லாததை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. அவர் சொந்தக்காரராக இல்லையென்றால் மதுரைச் செலவு வீண்.

கெடு, டிக்ரி தேதியிலிருந்து 90 நாள். நகல் வாங்கக் கோர்ட் எடுத்துக்கொண்ட நாட்கள் கழியும். மனுப் போட்ட நாள், நகல் தயாரான நாள் எல்லாம் நகலிலேயே குறித்திருக்கும். நகலுக்கு இன்னும் மனுப் போடவில்லை என்றால் நாளையே போடுங்கள். அப்பீல் போட்டதாலேயே வேலி நகராது. பாதையில் பக்கத்துத் தோட்டக்காரர் சுவர் எழுப்பிவிடுவார் என்ற பயமிருந்தால், இடைக்காலத் தடைக்குத் தனி மனுவும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.