ஓட்டிசமும் தொழில் தெரிவும்

உயர்தரம் படிக்கும் எங்களிடம் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "படிச்சி முடிச்சி என்ன செய்யப் போறீங்க மகள்?" என் பெரியும்மாவின் மகனுக்கு 23 வயது. அந்த நாநாவிடம் ஒருவரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கு ஓட்டிசம் இருக்கிறது.

ஓட்டிசம் என்பது தொற்றும் நோயோ புத்திக் குறைவோ அல்ல. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே உள்ள ஒரு வேறுபாடு. வளர்ந்தபின் அது மறைந்துவிடுவதில்லை. சிலர் பேசுவதே இல்லை, சிலர் பல்கலைக்கழகம் வரை படிக்கிறார்கள். சத்தமும் வெளிச்சமும் பலருக்குத் தாங்க முடியாதவை. நாளாந்த ஒழுங்கு திடீரென மாறினால் தவித்துப்போவார்கள். சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே எடுப்பவர்களும் உண்டு.

இந்தக் கடைசிக் குணத்தால்தான் நாநாவின் முதல் வேலை போனது. ஒரு புடைவைக் கடையில் சேர்த்துவிட்டார்கள். பதினோராம் நாள் முதலாளி, "கடையக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நாநா பார்த்துக்கொண்டே நின்றார். வந்தவர்கள் கேட்டுக் கேட்டுத் திரும்பிப் போனார்கள். மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிரவு பெரியும்மா எங்கள் குசினியில் இருந்து அழுதார். "நான் மவுத்தாப் போனா இவன யாரு பாக்குற?"

அந்தக் கேள்விக்காகவே இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன்.

1943இல் லியோ கனர் என்ற வைத்தியர் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் முதலாவதாக வருபவர் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். அவர் 1958இல் பட்டம் பெற்று, தன் ஊர் வங்கியில் கணக்கு வேலை பார்த்து, கோல்ஃப் விளையாடி, பல நாடுகளைச் சுற்றி, 2023இல் 89 வயதில் காலமானார். படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்த வங்கியில் அவருடைய குடும்பத்துக்குப் பங்கு இருந்தது. எல்லா உம்மாமாருக்கும் வங்கி இருக்காதே!

டெம்பிள் கிரான்டின் கதை வேறு. 1947இல் பிறந்த இவரும் ஓட்டிசம் உள்ளவர். மாட்டுப் பண்ணைகளுக்கான கட்டமைப்புகளை வடிவமைத்துப் பேராசிரியராகவும் ஆனார். ஆளை விற்க முயலாமல் வேலையை விற்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. நன்றாகப் பேச வராதபோது தான் வரைந்த படங்களைக் காட்டியே வேலை பெற்றிருக்கிறார். காசாளர் வேலையைத் தவிர்க்கச் சொல்கிறார். பணம், பொருள், பேசும் ஆள் என்று பலதை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க வேண்டிய வேலை அது. புடைவைக் கடையும் அப்படித்தானே?

டென்மார்க்கில் தோர்கில் சொன்னே என்பவர், தன் மகனுக்கு ஓட்டிசம் இருந்ததால், 2004இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். அங்கே கேள்வி கேட்கும் நேர்முகப் பரீட்சைக்குப் பதிலாக, லெகோ ரோபோக்களைக் கொடுத்து வேலை செய்யவிட்டுப் பார்த்தார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் கண் தெரியாதவர். நபி (ஸல்) அவர்கள் அவரை முஅத்தினாக்கினார்கள். அதுவும் பஜ்ருக்கு! விடிந்ததை அவரால் பார்க்க முடியாது. விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொன்னதும் அவர் அதான் சொல்வார். அந்த ஒரு சொல்லைச் சொல்ல ஓர் ஆள் இருந்தது போதுமாக இருந்தது.

எங்கள் நாட்டில் அரச துறை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை, தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும்படி 1988ஆம் ஆண்டின் 27/88 இலக்கச் சுற்றறிக்கை கூறுகிறது. 1996இல் அவர்களுடைய உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. பெற்றோர் இவற்றை அறிந்திருப்பது நல்லது. ஆனால் வலப்பனையில் ஒரு பிள்ளைக்கு வேலை தேடும்போது சுற்றுமுற்றும் பார்ப்பதுதான் முதலில் கைகொடுக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாநாவால் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. அதே தொழிற்சாலையில் பீஓபீ, டஸ்ட் என்று தரம் பிரித்த பொதிகளின் நிறையைப் பதியும் வேலையை, அமைதியான இடம் கொடுத்தால், பிழையில்லாமல் செய்வார்.

இப்போது மாமாவின் ஹார்ட்வெயார் கடையில் பின்பக்கக் களஞ்சியம் நாநாவின் பொறுப்பு. மாமா முதல் வாரம் எரிச்சல்பட்டார். பிறகு "பாத்துக்கோ" என்பதை விட்டுவிட்டு, காலையில் செய்ய வேண்டியதை ஒரு மட்டையில் ஒன்று, இரண்டு என்று எழுதி ஆணியில் தொங்கவிட்டார். இரைச்சலான லொறி வரும் நேரத்தையும் அதில் எழுதுகிறார். அரை அங்குலம், முக்கால் அங்குலம், ஆணி, நட்டு எல்லாம் எங்கே, எத்தனை என்று நாநாவுக்கு மனப்பாடம். போன வருடக் கணக்கெடுப்பில் மாமாவின் கொப்பியில்தான் பிழை இருந்தது.

ஆனால் மாமாவுக்கும் வயதாகிறது. டிரிப்லெட்டின் வங்கியைப் போல இதுவும் குடும்பத்தின் கடைதான். ஆகவே வேறு இடத்தில் கேட்கப்போகும் நாளுக்காக, நாநா அடுக்கிய இறாக்கைகளைப் படம் எடுத்து ஒரு கோப்பு செய்யத் தொடங்கியிருக்கிறேன். முதல் படத்தைக் காட்டியதுமே அவர் தலையை ஆட்டினார்.

"முக்கால் எல்போ ஒன்னு அரைப் பெட்டில கெடக்கு. நீங்கதான் தொட்டீங்க. எடுத்து வச்சிட்டு மறுபடி படம் எடுங்க."