கொம்பனித்தெருவில் ஒரு வெற்றுக் கட்டம்

கொம்பனித்தெரு என்று அன்றாடம் சொல்கிறோம். எந்தக் கொம்பனி என்று நான் கேட்டதே இல்லை. வரலாற்றுப் பாட ஒப்படைக்காகத் தேடியபோதுதான் அது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி என்று அறிந்தேன். அவர்கள் தம் அடிமைகளை இரவில் தங்கவைத்த இடம் பேரை வாவி சூழ்ந்த இந்தப் பகுதிதான். ஆங்கிலேயர் இதனை 'சிலேவ் ஐலண்ட்' என்றார்கள், அதாவது அடிமைத் தீவு. அந்தப் பெயரில் அடிமைகளாவது இருக்கிறார்கள். நமது தமிழ்ப் பெயரிலோ எசமான் மட்டுமே மிஞ்சியிருக்கிறான்!

உள்வீதிகள் வேறு கதை சொல்கின்றன. மலாய் வீரர்கள் பெருமளவில் சேவையாற்றிய இலங்கை றைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டுவிட்டது. ஆனால் றைபிள் வீதி இருக்கிறது. மலே வீதி, ஜாவா லேன் என்ற பெயர்களும் இருக்கின்றன. வேகந்தை ஜும்ஆப் பள்ளிவாசல், ஜாவாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒருவரால் 1786இல் கட்டப்பட்டது.

பெயர்கள் இருக்கின்றன, வீடுகள்தான் இல்லை. உம்மும்மா பிறந்த ஒழுங்கையில் இப்போது மாடிக் கட்டடம் நிற்கிறது. அங்கிருந்து அவர் கொண்டுவந்தது கதவிலக்கத் தகடு ஒன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் கொப்பியோடு அவர் அருகில் அமர்ந்தேன். அவர் சொல்லச் சொல்ல ஒழுங்கையை வரைந்தேன். முதல் வீட்டில் தையற்காரர். அடுத்தது வட்டிலப்பம் அவித்து விற்ற மலாய் மாமி வீடு. அதற்கடுத்து புத்தகம் கட்டுபவர். ஏழாவது வீட்டில் நின்றுவிட்டார். கிணற்றடியில் ஒரு பிள்ளையோடு விளையாடியது நினைவிருக்கிறதாம், அந்த வீட்டாரின் பெயர்தான் வரவில்லை. உம்மாவுக்கும் தெரியவில்லை.

ஒப்படையைக் கொடுத்துவிட்டேன். ஏழாவது கட்டம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.