சிட்டுக்குருவி குறைந்துவிட்டதா? எண்ணிப் பார்த்துச் சொல்வோம்



"முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு சிட்டுக்குருவி இருந்தது. இப்போது கண்ணில் படுவதே இல்லை" என்ற பேச்சை நகரங்களிலும், நகரத்தை ஒட்டிய ஊர்களிலும் அடிக்கடி கேட்கிறோம். கைபேசிக் கோபுரங்களே இதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்வோரும் உண்டு. குருவி உண்மையில் குறைந்துள்ளதா, எந்த ஊரில் குறைந்துள்ளது, எவ்வளவு குறைந்துள்ளது என்பதை அறியாமல் காரணம் தேடுவது, மண்ணை ஆய்வு செய்யாமல் உரமிடுவதற்கு ஒப்பாகும். முதலில் எண்ண வேண்டும். அவ்வாறு எண்ணும் பணியில் உழவர்களும் எளிதாகப் பங்கு பெறலாம்.

பொதுமக்கள் எடுக்கும் கணக்கு

நாடு முழுவதும் உள்ள பறவைகளைச் சில விஞ்ஞானிகள் மட்டும் எண்ணி முடிக்க இயலாது. எனவே பொதுமக்களின் துணை நாடப்படுகிறது. இதற்கு முன்னோடியாக, அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று 27 பேர் பல இடங்களில் நின்று பறவைகளை எண்ணினர். அக்கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. வீட்டுத் தோட்டப் பறவைகளை எண்ணும் கணக்கெடுப்பு 1998இல் அங்கே தொடங்கியது. பிப்ரவரி மாதத்தில் நான்கு நாள்கள் நடைபெறும் இதில் 2013 முதல் இந்தியரும் பங்கு கொள்கின்றனர். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தப்பட்டு வருகிறது. பொதுமக்கள் தரும் பட்டியல்கள் 'இ-பேர்டு' என்னும் பொதுத் தொகுப்பில் சேர்க்கப்படுகின்றன.

இவ்வாறு சேர்ந்த பதிவுகளைக் கொண்டு இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை 2020இலும், மீண்டும் 2023இலும் வெளியிடப்பட்டது. இரண்டாம் அறிக்கைக்கு ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் அனுப்பிய சுமார் 3 கோடிப் பதிவுகள் பயன்பட்டன.

கணக்கு சொன்ன செய்தி

நாடு முழுவதையும் நோக்கும்போது, 25 ஆண்டுகளுக்கு மேலாகச் சிட்டுக்குருவியின் நிலை பெரிதும் மாறவில்லை என்று 2020 அறிக்கை தெரிவித்தது. சென்னை, பெங்களூர் போன்ற பெருநகரங்களில் மட்டும் அது குறைந்து வந்துள்ளது. கைபேசிக் கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்குப் போதிய சான்று இல்லை. கூடு கட்ட ஓட்டு வீட்டு எரவானம், சுவர்ப் பொந்து போன்ற இடங்கள் கான்கிரீட் கட்டடங்களில் இல்லாமற்போவதும், குஞ்சுகளுக்கு வேண்டிய சிறு பூச்சிகள் கிடைக்காததும் காரணங்களாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. வளர்ந்த குருவி தானியம் தின்றாலும், தன் குஞ்சுக்குப் பெரும்பாலும் பூச்சியையும் புழுவையுமே ஊட்டுகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அதே சமயம், யாரும் அதிகம் பேசாத பனங்காடை குறைந்து வருவதை இக்கணக்கு காட்டியது. வயலோரக் கம்பிகளில் அமர்ந்து வெட்டுக்கிளி, வண்டு முதலியவற்றைப் பிடித்துத் தின்னும் இப்பறவை உழவரின் நண்பன். மயிலோ பெருகியுள்ளது. ஒரு காலத்தில் மயில் மிக அரிதாக இருந்த கேரளத்தில் இன்று எல்லா மாவட்டங்களிலும் அது காணப்படுகிறது. ஊர்ப்பேச்சை மட்டும் நம்பியிருந்தால் குருவிக்காக வருந்தி, பனங்காடையை மறந்திருப்போம்.

எவ்வாறு கணக்கிடுகிறார்கள்?

ஓர் ஊரிலுள்ள எல்லாக் குருவிகளையும் எண்ணுவது இயலாத செயல். ஆகவே, அவ்வூரிலிருந்து வரும் 100 பட்டியல்களில் எத்தனை பட்டியல்களில் சிட்டுக்குருவி உள்ளது என்று பார்க்கிறார்கள். எடுத்துக்காட்டாக, ஓர் ஆண்டில் 60 பட்டியல்களிலும், பத்து ஆண்டுகள் கழித்து 30 பட்டியல்களிலும் அது இருந்தால் குருவி அரிதாகி வருகிறது என்று கொள்ளலாம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை புலப்படும். குருவி இல்லாத பட்டியலும் இருந்தால்தான் இக்கணக்கைப் போட முடியும். குருவியைக் கண்ட நாளில் மட்டும் எழுதி, காணாத நாளில் எழுதாமல் விட்டால், எத்தனை ஆண்டு எழுதினாலும் பயனில்லை. 'இன்று குருவி இல்லை' என்பதும் மதிப்புள்ள செய்தியே ஆகும்.

உழவர்கள் ஏன் பங்கு பெற வேண்டும்?

பறவை பார்ப்போரில் பலர் நகரவாசிகள். அவர்கள் ஏரிக்கும் மலைக்கும் செல்வதுபோல் மக்காச்சோளக் காட்டிற்கோ நெல் வயலுக்கோ செல்வதில்லை. நகரம் விரிந்து வயலைத் தொடும் எல்லைப்பகுதிகளில் மாற்றம் விரைவாக நிகழ்கிறது. அங்கு நாள்தோறும் நடமாடுபவர் உழவரே. அவர் எழுதாவிட்டால் அப்பகுதியின் ஏடு வெறுமையாகவே இருக்கும்.

மயிலால் பயிர்ச்சேதம் அடையும் உழவர்களுக்கும் இது பொருந்தும். மயில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. அதற்குத் தீங்கு செய்வது குற்றமாகும். "மயில் தொல்லை தாங்கவில்லை" என்று வாய்மொழியாக முறையிடுவதைவிட, மாதந்தோறும் எண்ணி எழுதிய ஏட்டையும், சேதமான பயிர், பயிரின் வயது, சேதப் பரப்பு, தேதி ஆகிய விவரங்களையும் சேர்த்துக் காட்டினால் முறையீடு வலுப்பெறும்.

கணக்கெடுக்கும் முறை

1. ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு முற்றம், களத்துமேடு, கிணற்றடி, உழவர் சந்தை, அரிசி ஆலை வாசல், பேருந்து நிலையம் என எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று எண்ணுவது நல்லது.

2. காலை 6 மணி முதல் 9 மணி வரை ஏற்ற நேரம். குறைந்தது 15 நிமிடம் எண்ண வேண்டும். வாரம் ஒருமுறை போதுமானது.

3. குருவியை மட்டும் எழுதாமல், உங்களுக்கு அடையாளம் தெரிந்த காகம், மைனா, மாடப்புறா, கரிச்சான், உண்ணிக்கொக்கு, கிளி முதலிய எல்லாப் பறவைகளையும் எழுதுங்கள்.

4. 'நிறைய', 'கூட்டமாக' என்று எழுதாமல் எண்ணிக்கையைக் குறிப்பிடுங்கள். பெருங்கூட்டமாயின் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அதுபோல் எத்தனை பத்து உள்ளன என மதிப்பிடலாம்.

5. ஒரே பறவை வந்து வந்து போகலாம். ஆகவே ஒரே சமயத்தில் கண்ட மிகுதியான எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள்.

6. ஆண் சிட்டுக்குருவிக்குத் தொண்டையில் கருமை இருக்கும். உச்சந்தலை சாம்பல் நிறம். பெண் குருவி மங்கிய பழுப்பு நிறமாக, தொண்டையில் கருமையின்றி இருக்கும். ஐயமிருந்தால் ஊகித்து எழுத வேண்டாம். 'பெயர் தெரியாதது' என்று குறித்தால் போதும்.

ஏட்டில் தேதி, இடம், தொடங்கிய நேரம், எண்ணிய நிமிடங்கள், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவை தவறாமல் இடம்பெற வேண்டும். கைபேசி உள்ளவர்கள் இவ்விவரங்களை இ-பேர்டு செயலியில் நேரடியாகப் பதியலாம். இயலாதவர்கள் ஏட்டில் எழுதி, பள்ளி ஆசிரியர் அல்லது கல்லூரி மாணவர் துணையுடன் பின்னர் பதிவு செய்யலாம்.

பிற உயிரினங்கள்

வண்ணத்துப்பூச்சி, தவளை, ஓணான், கீரி முதலியவற்றை ஒளிப்படம் எடுத்து 'ஐநேச்சுரலிஸ்ட்' என்னும் தொகுப்பில் சேர்க்கலாம். படம், இடம், தேதி ஆகிய மூன்றும் இருந்தால் பெயர் தெரியாவிட்டாலும் குற்றமில்லை. விவரம் தெரிந்த பிறர் பெயரைக் கூறி உதவுவர்.

தவிர்க்க வேண்டியவை

படத்துக்காகப் பாம்பை நெருங்கக் கூடாது. கூட்டைக் கலைப்பதும் குஞ்சை எடுத்துப் பார்ப்பதும் தவறு. நட்சத்திர ஆமை, ஆந்தை போன்றவை கடத்தப்படுவதால் அவை வாழும் இடத்தைப் பலரறியச் சொல்லாதிருப்பது நலம். வேறொருவர் வீட்டு முற்றத்தில் எண்ணுவதாயின் அவரது இசைவைப் பெற வேண்டும்.

ஒரு பட்டியலால் எந்த முடிவுக்கும் வர இயலாது. ஓர் ஊரில் ஐந்து பேர் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து எழுதினால், அவ்வூர்ப் பறவைகளின் ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியவரும். மழையளவைக் குறித்து வைக்கும் பழக்கமுடைய உழவருக்கு இது புதிய சுமையன்று. அதே ஏட்டில் இன்னுமொரு பக்கம், அவ்வளவே. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் 15 நிமிடம் ஒதுக்கி முதல் பட்டியலை எழுதுங்கள். குருவி ஒன்றுகூட வராவிட்டாலும் மற்ற பறவைகளை எழுதிப் பட்டியலைப் பதிவு செய்யுங்கள்.