மாதவிடாய் நிறைவு: உடல் எடையும் உடற்பயிற்சியும்

"நாள்தோறும் நடக்கிறேன் டாக்டர். ஆனாலும் இரவில் உடலெங்கும் அனல் பரவி, வியர்வையில் நனைந்து எழுகிறேன். நடந்து என்ன பயன்?" புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராதிருந்தால் அதை மாதவிடாய் நிறைவு என்கிறோம். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதளவில் இது நிகழ்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, உடல்வெப்பத்தைச் சீராக்கும் மூளைப்பகுதி சிறு மாற்றத்தையும் பெரிதாக உணர்ந்து, தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. அதுவே திடீர் வெப்பமாகவும் வியர்வையாகவும் வெளிப்படுகிறது.

எடையின் பங்கு

கொழுப்புத் திசுவிலும் சிறிதளவு ஈஸ்ட்ரோஜன் உருவாகிறது. ஆகவே பருமனானவர்களுக்குத் தொல்லை குறையும் என்று முன்பு கருதப்பட்டது. ஆனால் மாதவிடாய் நிறைவை நெருங்கும் ஆண்டுகளில் எடை மிகுந்தவர்களுக்கே வெப்பத் தொல்லை கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டின. தோலடிக் கொழுப்பு, கம்பளி போல உடல்வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுப்பது ஒரு காரணமாகலாம். எடையைக் குறைத்தவர்களுக்கு இத்தொல்லை தணியும் வாய்ப்பு மிகுதி. இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நம் பெண்களுக்கு நல்லது.

உடற்பயிற்சியின் பங்கு

உடற்பயிற்சி மட்டுமே வெப்பத் தொல்லையை நிறுத்திவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எனினும் அதனால் உறக்கமும் மனநிலையும் மேம்படுகின்றன. எலும்பும் இதயமும் காக்கப்படுகின்றன. ஆகவே அனல் தணியவில்லை என்று நடையை நிறுத்திவிட வேண்டாம். தொல்லை கடுமையானால் அதற்குத் தனியே மருந்துகள் உள்ளன.

வாரத்திற்கு 150 நிமிடங்கள் விரைவாக நடக்கலாம். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. வாரம் இரு நாள்கள், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வது போன்ற தசைப் பயிற்சியும் தேவை. மூட்டு வலியோ இதய நோயோ உள்ளவர்கள் எங்களைக் கேட்டபின் தொடங்குங்கள்.

குடும்பத்தாருக்கு

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்று சொல்லிவிடாதீர்கள். காலைச் சமையலில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றால், அவருக்கு நடப்பதற்கு அரைமணி நேரம் கிடைக்கும்.

மறவாதீர்கள்

மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரிடம் வாருங்கள். பெரும்பாலும் காரணம் சிறியதாகவே இருக்கும். ஆயினும் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது அமையலாம். உடற்பருமன் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடியும்.